அமாவாசை நிலா

ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறிய இரண்டு மீன்காரப் பெண்கள், கூடைகளோடு என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

“அமாவாசைல நிலாவே கெடையாதுன்னு நான்தான் பொண்ணுக்குச் சொன்னேன். பரீட்சைல அதையே எழுதிட்டா. வாத்தியார் தப்புன்னுட்டாராம். இஸ்கோலுக்கே போவ மாட்டேன்னு அழுதுக்கினு கெடக்கறா. இன்னிக்கு அந்த ஆள உட மாட்டேன்,” என்றாள் சிவப்புப் புடவைக்காரி.

“அமாவாசைக்குக் கடல் தண்ணி நம்ம ஏரிக்குள்ள ஏறுதா, இல்லியா?” என்றாள் மற்றவள்.

“இன்னாக்கா கேள்வி இது? பௌர்ணமி மாதிரியே ஏறுது. அன்னிக்குத்தான எறா நெறைய வுழுது?”

“பௌர்ணமிக்கு நிலா இழுக்குது. அமாவாசைக்கு உன் மாமியாரா வந்து இழுக்குது?”

சிவப்புப் புடவைக்காரி சிரிக்கவில்லை.

“அப்போ அது அங்கதான் கீது,” என்றாள் மெதுவாக.

“வெயில் படற பக்கம் அந்தாண்ட திரும்பிக்கினு கீது. நமக்குத் தெரியல, அவ்ளோதான்,” என்றாள் மற்றவள்.

பள்ளியில் படித்த நிலாப் பாடம் எனக்கு இன்னும் மனப்பாடம். எங்கள் ஏரியின் தண்ணீர் அதில் எங்கும் வரவில்லை.

கும்மிடிப்பூண்டி வந்தது. “இஸ்கோலுக்குப் போய்ட்டு வரேன்,” என்று சிவப்புப் புடவைக்காரி கூடையைத் தூக்கினாள்.

“இன்னும் இன்னாடி சண்டை? நேரா மார்க்கெட்டுக்கு வா.”

“சண்டைக்கு இல்லக்கா. தப்பு என்னுது, பொண்ணுது இல்லன்னு வாத்தியாராண்ட சொல்லணும்ல?”