பதுவைச் சந்தையில் முறித்த போஞ்சி

பெயர்: செபமாலைமுத்து மரியமலர். வயது: ஐம்பத்திரண்டு. பிறந்த இடம்: மன்னார். வசிப்பிடம்: ஈஸ்ட் ஹாம், லண்டன். தொழில்: ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவுதல். படிப்பு: ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. 2005 யூன் மாதம், பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் தமிழில் சொன்னது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பதுவை அந்தோனியார் கோவிலில் பூசை நேரம் குறட்டை விட்டது நான்தான். மற்றபடி என்மேல் சொல்லப்பட்ட எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சென்ற மாதம் எங்கள் கோவில் பங்கு ஆட்கள் இத்தாலிக்கு யாத்திரை போனோம். கூட்டிக்கொண்டு போனவர் றெஜினோல்ட். பூசை முடிந்து பதுவையின் பழைய சந்தைக்குப் போனோம். பெரிய கல் மண்டபத்துக்குக் கீழே இறைச்சியும் சீஸும், வெளியே மரக்கறியும் விற்றார்கள். நான் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கினேன். அதன் பிறகு ஒரு கடையில் போஞ்சிக்காய் குவித்திருக்கக் கண்டு, ஒன்றை எடுத்து நுனியை முறித்துப் பார்த்தேன். ஈஸ்ட் ஹாமில் அப்படித்தான் வாங்குகிறோம். நல்ல பிஞ்சு. ஆகவே இன்னொன்றையும் முறித்தேன், அது ஆசையில். கடைக்காரி கத்தினாள். அங்கே வாங்குகிறவர் தொடக்கூடாதாம், அவளே எடுத்துத் தருவாளாம். நான் கையைக் காட்டி ஒரு கிலோ கேட்டேன். அவள் நிறுத்தாள், காசு கொடுத்தேன், முறித்தவற்றையும் பையில் போட்டுச் சிரித்தாள்.

அதன் பிறகு பஸ்சில் றெஜினோல்ட் மைக்கை எடுத்து, மலரக்கா சந்தையில் கைவைத்துப் பிடிபட்டவ, எல்லோரும் பைகளைக் கவனியுங்கோ என்றார். கேட்டதற்குப் பகிடி என்றார். பங்கில் பகிடி விட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பது நான்தான், எது பகிடி என்று எனக்குத் தெரியும். லண்டனுக்கு வந்த பிறகு, லூர்து யாத்திரைக்கு அவரிடமே பெயர் கொடுக்கப் போனேன். இடமில்லை என்றார். எனக்குப் பின்னால் நின்றவருக்கு இடம் இருந்தது.

அதன் பிறகு கடைக்குப் போய்ப் போஞ்சி வாங்கி வந்து, கோவில் மண்டபத்தில் அவருடைய மேசையில் கொட்டினேன். கொஞ்சம் மடியிலும் விழுந்தது. அதைத்தான் தாக்குதல் என்று முறையிட்டிருக்கிறார். நாங்கள் பேசியது இவ்வளவே:

"இந்தாரும் தம்பி, முறிச்சுப் பாரும். வாங்க வந்தவள்தான் முறிச்சுப் பாப்பாள். கள்ளிக்குப் பிஞ்செண்டா என்ன, முத்தலெண்டா என்ன?"

"மன்னிப்புக் கேளுங்கோ அக்கா, பேரைப் போடுறன்."

"ஏலாது. மைக்கில சொன்னதை மைக்கிலயே மாத்தும்."

அதன் பிறகு மண்டபத்தில் நின்ற பெண்கள் கீழே கிடந்த போஞ்சியைப் பொறுக்கினார்கள். ஒவ்வொருவரும் முறித்துப் பார்த்துத்தான் பையில் போட்டார்கள். றெஜினோல்ட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்டால் விசயத்தை இத்தோடு முடிக்கலாம் என்று அதிகாரி சொன்னார். கேட்க மாட்டேன். லூர்துக்குப் போகாவிட்டாலும் கேட்க மாட்டேன்.

இதை வாசிக்கக் கேட்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை.

ஒப்பம்: செ. மரியமலர்

பிற்குறிப்பு: ஒப்பமிடும்போது, சந்தையில் காசு கொடுத்து வாங்கினேன் என்று காட்ட நான் கொண்டுவந்த எண்ணெய்ப் போத்தல் சரிந்து கொட்டியது. றெஜினோல்ட்டின் பெயர் வரும் இடமெல்லாம் உள்ள கறை அதுவே. வேண்டுமென்று செய்யவில்லை.