வைத்தியரை ஊரைவிட்டு அனுப்புங்கள்!

தலைமை நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு அமர்ந்திருக்கும் மாண்புமிகு ஷெரிஃப் லுடோவிக் கார் அவர்களே! முன்வரிசையைப் பொழுது சாயுமுன்பே பிடித்துவிட்ட முதியோர்களே! கையில் பின்னல் ஊசி ஓட, காதை மட்டும் எனக்குத் தந்திருக்கும் தாய்மார்களே! ஆப்பிள் மது இன்று இலவசம் என்று நம்பி வந்து ஏமாந்திருக்கும் அன்பர்களே! உங்கள் விடுதிக்காரியின் வணக்கம்.

பெண் என்பதால் எனக்கு வாக்கு இல்லை. ஆனால் இது என் விடுதி, இது என் கூரை, நான் ஏறி நிற்பது என் மேசை. ஆகவே பேசுகிறேன்.

நாளை தேர்தல். பர்லிங்டன் சட்டமன்றத்துக்கு நம் ஊரிலிருந்து ஒருவர் போக வேண்டும். மீண்டும் அதே இருவர். ஒருவர், ஆற்றில் படகுத்துறை வைத்திருக்கும் கர்னல் வான் டெல்ட். மற்றவர், இதோ மூலையில் ஒளிந்திருக்கிறாரே, ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, ஒரே கடையில் உப்பும் ஆணியும் காய்ச்சல் பட்டையும் விற்று, மீதி நேரத்தில் நம் உயிரையும் காப்பாற்றும் வைத்தியர் லாக்லன் கின்மோர். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: ஆற்றுக்கு ஒரு பாலம். பாலம் வந்தால் படகு எதற்கு? படகு இல்லாவிட்டால் கர்னல் எதற்கு? கர்னலுக்கு வந்த கவலை அதுதான்.

சென்ற தேர்தல் நினைவிருக்கிறதா? கர்னல் வாக்காளர்களுக்குப் பன்றித்தொடை வறுத்தார், மதுப் பீப்பாயைத் திறந்தார். நம் வைத்தியரும் ஒரு பெரிய சட்டி வைத்தார். ஓடிப்போய் ஒரு வாய் குடித்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். கசப்புப் பட்டைக் கஷாயம்! “வசந்த காலம் பாருங்க, காய்ச்சல் வரும். வாக்கு யாருக்கு வேணா போடுங்க, இதக் குடிச்சிட்டுப் போங்க” என்றார். இப்படி வாக்குக் கேட்ட மனிதரை உலகம் கண்டதுண்டா?

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஷெரிஃப் பெயர் கூப்பிட, வாக்காளர் மேசை முன்னால் நின்று, வேட்பாளர் பெயரை ஊரறிய வாய்திறந்து சொல்ல வேண்டும். பெயர் பெற்றவர் எழுந்து குனிந்து நன்றி கூற வேண்டும். கர்னல் ஒழுங்காகக் குனிந்தார். வைத்தியரோ, யார் வாய் திறந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்தார்! “பேரு கிடக்கட்டும், அந்தக் கடவாய்ப்பல்ல முதல்ல கவனி” என்றார். சிரிக்காதீர்கள் தச்சரே, அந்தப் பல் உங்களுடையது.

மாலையில் இருவருக்கும் தலைக்கு நூற்றுப் பன்னிரண்டு. சமம்! சமமானால் முடிவு ஷெரிஃப் வாயில். ஷெரிஃபோ வைத்தியர் பக்கம். பாலம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது கடைசி ஆளாக வந்தார் பீப்பாய் செய்யும் எஃப்ராயிம் டாட். தொண்டைக்குள் முட்டை அளவுக்குக் கட்டி. வாயைத் திறக்கிறார், காற்று வருகிறது, பெயர் வரவில்லை. கர்னல் வீட்டு மது மட்டும் மணக்கிறது. யாருக்குச் சொல்ல வந்திருக்கிறார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

“சொல்ல முடியலன்னா கணக்குல வராது. வழி விடுப்பா” என்றார் ஷெரிஃப்.

வைத்தியர் சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்தாரா? எழுந்தார். வளைந்த கத்தியில் துணியைச் சுற்றினார். “அட கூறுகெட்டவனே, மூச்சு அடைச்சுச் சாகப்போற, வாக்கா உனக்கு முக்கியம்? நாக்க நீட்டு!” ஒரே கீறல். எஃப்ராயிம் துப்பினார், இருமினார், மூச்சு விட்டார். முதல் சொல்: “தண்ணி.” இரண்டாவது: “கர்னல் வான் டெல்ட்.”

கர்னல் எழுந்து குனிந்தார். வைத்தியரும் நிமிர்ந்தார்: “குரல் நல்லா வந்திருக்கு. உப்புத் தண்ணில கொப்பளி.”

வாசலில் எஃப்ராயிமை மடக்கினேன். “ஏன்யா, உனக்கு நன்றின்னு ஒண்ணு இருக்கா?”

“இருக்கறதாலதாம்மா. இவரு தங்கமான வைத்தியர். பர்லிங்டனுக்கு அனுப்பிட்டா நம்மள யாரு பார்ப்பாங்க? கர்னல் போனா ஊருக்கு என்ன குறைஞ்சிடும்?”

ஆகா! பிறகு விசாரித்தேன். கர்னலுக்குப் போட்டவர்களில் பாதிப் பேர் சொன்னது இதையேதான். தேவையானவரை வீட்டில் வைத்துக்கொண்டு, தேவையில்லாதவரைச் சட்டம் இயற்ற அனுப்புகிறோம். பிறகு சட்டம் நமக்கு உதவவில்லை என்று இதே விடுதியில் உட்கார்ந்து புலம்புகிறோம். நியாயமா? கேட்கிறேன், நியாயமா?

பின்வரிசையில் யார் அது, “எஃப்ராயிம் சொன்னது சரிதானே” என்பது? அப்படியானால் போன பனிக்காலத்துக்கு வாருங்கள். எஃப்ராயிமின் மனைவி ப்ரூடன்ஸ் அக்கரையில் பிரசவ வலியில். பிள்ளை குறுக்கே. ஆற்றில் அரைகுறைப் பனி. கர்னலின் படகு, அவர் உத்தரவுப்படி, கரையில் கட்டிக் கிடக்கிறது. வைத்தியர் என்ன செய்தார்? பனிமேல் என் ஏணியைப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, மருந்துப்பையைப் பல்லில் கவ்விக்கொண்டு தவழ்ந்தார்! நடு ஆற்றில் பனி விரிசல் விட்டது. ஏணி தப்பியது, வைத்தியர் தப்பினார், பொய்முடி போயிற்று. மருத்துவச்சி சொன்னாள்: “அன்னிக்கு அந்த வீட்டுக்குள்ள ரெண்டு மொட்டைத்தலை வந்துச்சு. பெரிசு வந்ததாலதான் சிறிசு வந்துச்சு.”

ஆனால் பனி உடைந்துவிட்டது. திரும்ப வழியில்லை. ஒன்பது நாள் அக்கரையில் கிடந்தார். இக்கரையில் நம்மைப் பார்க்க யார் இருந்தார்கள்? கர்னலே கால் வீங்கிக் கட்டிலில் கிடந்து, “வைத்தியரக் கூட்டிட்டு வாங்கடா!” என்று கத்தினார். படகைக் கட்டச் சொன்னது யார் என்று அவருக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

பெரியோர்களே! வைத்தியரை நம்மிடமிருந்து பிரிப்பது பர்லிங்டன் அல்ல, இந்த ஆறு! படகுக்காக அவர் கரையில் நின்று கத்திய நாட்கள் எத்தனை! அவர் வருமுன் மூச்சடங்கியவர்கள் எத்தனை பேர்! சட்டமன்றம் அவரைச் சில வாரம் எடுத்துக்கொள்ளட்டும், பாலம் அவரை ஆண்டு முழுதும் நமக்குத் தரும். அவர் வேண்டுமா உங்களுக்கு? அப்படியானால் அனுப்புங்கள்! ஆயுள் முழுதும் வேண்டுமா? நாளையே அனுப்புங்கள்!

என்ன, யாரோ எழுகிறார்கள். எஃப்ராயிமா? கையில் பிள்ளையோடு நிற்கிறாரா? சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்.

“லாக்லன் கின்மோர்!”

ஷெரிஃப் அவர்களே, நாளைதான் தேர்தல் என்று எங்களுக்கும் தெரியும், உட்காருங்கள். வைத்தியரே, வழக்கப்படி எழுந்து குனியுங்கள். என்ன முணுமுணுக்கிறீர்கள்?

“தொண்டை சிவந்திருக்கு. நாக்க நீட்டு.”

கேட்டீர்களா? இவருக்குத்தான் வாக்குக் கேட்டேன், இவ்வளவு நேரம். வந்தவர்களுக்கு நன்றி. நாளை வாய் திறக்கப் போகிறவர்களுக்கு, வாக்கில்லாத இந்த வாயின் வணக்கம்.