அறுவத்தொண்ணாம் பக்கம்

இல்லண்ணா, நான் கம்பெனி ஆளு இல்ல. உங்க வூட்டுக்காரம்மா சுலோச்சனாக்கா அப்டி நெனச்சிக்கினுதான் உள்ள வுட்டாங்க போல. நீங்க எழுந்திருக்காதீங்க. கைய தலவாணி மேலயே வெச்சிக்கோங்க.

எம்பேரு லோகேஸ்வரன். வடமாலபேட்ட. பஸ் புட்ச்சி நாகலாபுரம் வர்றதுக்குள்ள ரெண்டு தபா எறங்கித் திரும்பிடலாம்னு பாத்தேன். உங்க போன்ல ஒரு புக்கு கீதே, தமிழ்க்காரங்களுக்குத் தெலுங்கு சொல்லிக் குடுக்கறது, அது நான் எழுதுனது.

ஐய, தேங்க்ஸ்லாம் சொல்லாதீங்கண்ணா. தயவு செஞ்சி.

அக்கா எங்க கிளாஸ் நம்பருக்கு மெசேஜ் போட்டாங்க. அவருக்குக் கையில அடி, குரூப்புல இருந்து எடுத்துடாதீங்க, ஆறுனதும் படிப்பாருன்னு. எப்டி அடின்னு நான்தான் கேட்டேன். சொன்னாங்க. அதான் நேர்ல வந்தேன்.

மொதல்ல அது நாப்பது பக்கம்தான். ட்யூஷன் எடுத்துக்கினு இருந்தேன், ஸ்ரீசிட்டி கம்பெனிங்களுக்கு வேலைக்கி வர்ற பசங்க தெலுங்கு தெரியாம முழிக்கறதப் பாத்து எழுதுனேன். ஒவ்வொரு வார்த்தையும் நானே பேசிப் பழகுனது. ஆன்லைன்ல போட்டேன். நாலு பேரு வாங்குனாங்க. ஒர்த்தன் எங்க மாமா பையன்.

அப்பால திருப்பதில கிரண்குமாருன்னு ஒரு ஃப்ரெண்டு. ஆன்லைன்ல புக்கு, கோர்ஸு இதெல்லாம் எப்டி விக்கறதுன்னு கிளாஸ் எடுக்கறான். அவன் பாத்துட்டு, உன்னுது நல்ல சரக்கு, ஆனா மதிப்பு தெரியலன்னான். எவனும் தெலுங்க வாங்க மாட்டான்டா, சூப்பர்வைசர் கிட்ட திட்டு வாங்காம இருக்கறதத்தான் வாங்குவான், அதக் குடுன்னான். நெஜந்தான். பேர மாத்துனேன். வாய்ஸ் சேத்தேன், குரூப்பு சேத்தேன், முடிச்சா ஒரு சர்ட்டிபிகேட்டுன்னேன். கூடவே போனஸா ஒண்ணு போடு, மிஷின் பக்கத்துல வேல செய்றவனுக்கு ஐந்நூறு வார்த்தன்னு போடுன்னான்.

எனக்கு மிஷினப் பத்தி இன்னாண்ணா தெரியும்? நூறு வார்த்த தெரியும். மிச்சத்த போன்ல ஒரு ஆப்புல போட்டு எடுத்தேன். அது குட்த்தத அப்டியே ஒட்டுனேன். படிச்சிக்கூடப் பாக்கல. ஐந்நூறுன்னு அட்டையில எழுத முடிஞ்சிதுல்ல, அதுவே போதும்னு இருந்துச்சி. ஒரே மாசத்துல எரநூறு பேரு வந்தாங்க. எங்க வூட்ல எல்லாரும் என்ன மரியாதையா பாத்தாங்க. நானும் என்னப் பெரிய வாத்தியாரா நெனச்சிக்கினேன்.

ஆமாண்ணா, நீங்களும் அப்பதான் சேந்தீங்க. ரெண்டாவது வாரமே தெலுங்குல வாய்ஸ் பேசி அனுப்புனீங்க. பழனின்னு பேரு சொல்லி, நா பேரு பழனி, நாகலாபுரம்லோ உண்டானுன்னு. எல்லாருக்கும் போட்டுக் காட்னேன், பாருங்க எப்டிப் பேசறாருன்னு.

இருங்க, சொல்லிடறேன். வுட்டா மறுபடியும் வேற எதனா பேசிடுவேன்.

அன்னிக்கி உங்க கூட வேல செய்ற ஹரிபாபு மிஷினுக்கு அந்தப் பக்கம் பட்டன்கிட்ட நின்னுக்கினு, நொக்குத்துன்னான்னு தெலுங்குல கொரல் குட்த்தான். நீங்க உள்ள இருந்த கைய எடுக்கல. காதுல சரியா வுழல, எந்தப்புதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கீங்களாம். கம்பெனிக்கும் அப்டியே எழுதிக் குட்த்துட்டீங்களாம். அண்ணா, உங்க காதுல சரியாத்தான் வுழுந்துச்சி.

நொக்குன்னா அமுக்கறது. பட்டன அமுக்கறேன்னுதான் அவன் சொன்னான். எம்புக்குல அறுவத்தொண்ணாம் பக்கத்துல நொக்குன்னா பாக்கறதுன்னு கீது. அதத்தான் நீங்க மனப்பாடம் பண்ணீங்க. பாத்துக்கினு கீறேன்னு அவன் சொல்றான்னு நெனச்சி, தைரியமா கைய உள்ளயே வெச்சிக்கினு இருந்தீங்க. ஒரு ஆளு பாத்துக்கினு கீறான்னா யாருதான் கைய எடுப்பாங்க.

இந்தாங்க. எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்து கீறேன். அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வெச்சி கீறேன். உங்க மேல தப்பு இல்லன்னு கம்பெனில குடுங்க. அவுங்க கூப்ட்டா நானே வந்து நிக்கறேன். விக்கறத நிறுத்திட்டேன், புக்குல தப்பு கீதுன்னு வாங்குன எல்லாருக்கும் இன்னிக்கிக் காலைல மெசேஜ் போட்டுட்டேன்.

தெரியாம நடந்ததுன்னு சொல்லாதீங்கண்ணா. பரவால்ல, பர்வாலேதுன்னும் சொல்லாதீங்க. அக்கா, நீங்களும் இங்கியே இருங்க, டீ அப்றம் பாத்துக்கலாம். நீங்களும் கேக்கணும்.

சித்தூர்ல முரளிதரன்னு ஒரு தெலுங்கு வாத்தியாரு. ரிட்டயர்டு. அவரும் சும்மா பாக்கலாம்னு வாங்கியிருக்காரு. வாங்கி, எனக்கு ஒரு மெயில் போட்டாரு. பாபு, நல்ல முயற்சி, ஆனா மிஷின் வார்த்தைல பதினோரு எடத்துல தப்பு, ஆளுங்க உயிரோட வெளையாடறது, உடனே மாத்துன்னு. ஒவ்வொண்ணுக்கும் பக்கம் போட்டு எழுதியிருந்தாரு. நொக்கு அதுல மூணாவது.

உங்களுக்கு அடிபட்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி.

மாத்துனேன். அன்னிக்கே ஒக்காந்து பதினொண்ணையும் மாத்திட்டேன். அப்ப எங்கிட்ட மூணு வெல இருந்துச்சி, பேசிக், ப்ளஸ், பிரீமியம்னு. பிரீமியத்துல எவனும் சேரல, அதுல புதுசா எதனா ஒண்ணு காட்டணும்னு தேடிக்கினு இருந்தேன். திருத்தின பதிப்பு பிரீமியத்துக்கு மட்டும்னு போட்டேன். இத கிரண் சொல்லலண்ணா. நானா யோசிச்சது. அதப் போட்டப்பறம் இருவது பேரு பிரீமியத்துக்கு ஏறுனாங்க.

நீங்க வாங்குனது பேசிக்.