ஆறு நீலக் குட்டிகள்

— புட்டியைக் கொடுங்க. நானே பார்க்கிறேன்.

— பாரு, எர்கின். மாசாமாசம் பார்க்கிற அதே புட்டிதான்.

— மூடி உடையல. பேரு சரி. தேதி?

— மார்ச் வரைக்கும் இருக்கு. உனக்குப் போட்டுட்டு இன்னும் நாலு வீடு போகணும், ராசா.

— ஊசி? அதையும் பார்த்துட்டுத்தான் போட விடுவேன், டாக்டரம்மா.

— நான் டாக்டர் இல்ல, நர்சு. எத்தனை வருஷமா சொல்றேன், கலிபாக்கான்னு கூப்பிடுன்னு.

— இப்படித்தான் கலிபா, மூணு வாரமா. டீ ஊத்தினா முதல்ல என்னைக் குடிக்கச் சொல்றான். ரொட்டியைப் பிச்சு மோந்து பார்க்கிறான். கூடப் பொறந்தவ நான், இவனுக்கு விஷமா வைப்பேன்?

— விஷம்னு நான் சொல்லல, அக்கா.

— வாயால சொல்லல. எழுதிக் கொடுத்துடு, கலிபா. மனநோய் முத்திப் போச்சு, ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு ஒரு வரி. சாயங்காலமே வண்டி வந்து கூட்டிட்டுப் போகட்டும்.

— ஒரு வரிதான். ஆனா அந்த வரியில போறவன் பனி உருகுற வரைக்கும் திரும்ப மாட்டான், பூருல். முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு.

— நம்ம ஊர் சாமத் வீட்டு ஆட்டுக்குட்டி ஆறைக் காணோம். ஊர் ஆட்டையெல்லாம் மேய்க்கிறது இவன். ஞாயித்துக்கிழமை அத்பாஷிச் சந்தையில இவன் குட்டியோட நின்னதைப் பார்த்த ஆளு இருக்காம். நாளைக்குத் தொழுகை முடிஞ்சு ஊர் கூடுது. திருடன்னா அடிச்சே கொன்னுடுவாங்க. நோயாளின்னு காகிதம் இருந்தா விட்டுடுவாங்க. அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— நான் யாரு ஆட்டையும் திருடல.

— அப்ப சாயம் மாறுதுன்னு சொல்லுவியே, அதைச் சொல்லேன் கலிபாகிட்ட.

— மாறுது.

— கேட்டியா?

— நீ கொஞ்சம் சும்மா இரு, பூருல். என்ன சாயம், எர்கின்?

— ஆட்டு முதுகுல வீட்டுக்கு ஒரு நிறமா அடிக்கிறது. இருபத்திரண்டு வீட்டு ஆடு. காலையில ஒண்ணா ஓட்டிட்டுப் போறேன். சாயங்காலம் பாலத்துக்கிட்ட நின்னு நிறம் பார்த்துப் பிரிச்சு விடுறேன். சிவப்பு மேல்தெருவுக்கு. கறுப்பு மாவு மில்லுக்குப் பின்னால. அதெல்லாம் ஒழுங்கா இருக்கு. நீலமும் பச்சையும்தான் நிக்க மாட்டேங்குது. போகும்போது ஒரு நிறமா இருக்கு, வரும்போது வேறயா இருக்கு. யாரோ மலைக்கு வந்து மாத்தி அடிக்கிறாங்க.

— யாரு?

— அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

— ஒருத்தன் டப்பாவும் தூரிகையுமா மலை ஏறி வந்து, இவன் தூங்குறப்ப ஆட்டுக்கெல்லாம் வெள்ளையடிச்சிட்டுப் போறானாம். வேலையத்தவன்.

— நான் தூங்குறதில்ல, அக்கா.

— காதுல வெட்டு இருக்குமே, எர்கின். அதைப் பார்த்துப் பிரிக்கலாமே?

— பெரிய ஆட்டுக்குத் தடவிப் பார்த்துத்தான் விடுறேன். அதுல ஒண்ணுகூடத் தப்பல. இந்த வருஷத்துக் குட்டிக்கு இன்னும் காது வெட்டல. ரோமம் கத்தரிச்சு முடிச்சாத்தான் வெட்டுவோம். பால் மறந்தாச்சு, தாய் பின்னாடியும் போகாது. குட்டிக்குச் சாயம் மட்டும்தான் அடையாளம்.

— சாமத் வீட்டுல காணாமப் போனது?

— எல்லாம் குட்டி.

— ம். சரி, ஊசிக்கு வருவோம். போன மாசம் என்ன ஊசி போட்டேன்?

— பச்சைத் தலை ஊசி. மருந்து எண்ணெய் மாதிரி கெட்டி, பச்சைதான் சரிப்படும்னு சொன்னீங்க.

— பையில ரெண்டு இருக்கு. நீயே எடு.

— இது.

— நல்லாப் பார்த்து எடு, ராசா.

— பார்த்துட்டேன். பச்சை. ஏன், ஏதாவது மாத்தி வச்சிருக்கீங்களா?

— கலிபா, அவன் கையில இருக்கிறது நீலம்.

— பேசாதேன்னேன். எர்கின், இன்னொண்ணு என்ன நிறம்?

— அதுவும் பச்சைதான். ரெண்டும் ஒண்ணு. எதுக்கு என்னைச் சோதிக்கிறீங்க?

— ஜன்னல்கிட்ட வா. இந்த விரிப்புல பூ என்ன நிறம்?

— வெள்ளை. இல்ல, கொஞ்சம் அழுக்கு வெள்ளை.

— வெளிர் மஞ்சள், எர்கின். நல்ல வெயில்ல நிக்கிறோம்.

— சின்ன வயசுல இதே விரிப்பு மேலதான் படுப்பேன். மஞ்சளாத்தான் இருந்துச்சு.

— இப்பவும் மஞ்சள்தான். மூடியில முடி கனத்துக்குக் கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நீ. நான் நீல ஊசியைக் குத்தியிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்காது. உன் நோய் இருக்கிறவங்க சிலருக்கு இப்படி ஆகும்னு நகரத்துல பயிற்சியில சொன்னாங்க. நீலம், மஞ்சள் பக்கம் குழம்பும். நோயினாலயா மருந்தினாலயான்னு அவங்களுக்கே தெளிவா தெரியல.

— அப்போ மலைக்கு யாரும் வரல.

— யாரும் வரல.

— மூணு வாரமா பாறைக்குப் பின்னால ஒளிஞ்சு கிடந்தேன். ஒரு நரிகூட வரல. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்.

— காகிதத்துல நான் எழுதப்போறது வேற, பூருல். கண்ணுல நிறக் கோளாறு, மாவட்டக் கண் டாக்டரைப் பார்க்கணும். நாளைக்குக் கூட்டத்துக்கு நானே வந்து, ரெண்டு ஊசியையும் காட்டிச் சொல்றேன். குட்டி களவு போகல, பட்டி மாறிப் போயிருக்குன்னு.

— நீ எதுக்கும்மா ஊர் வம்புக்கு வர்ற? ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கயே கண்ணையும் பார்த்துடுவாங்க.

— சாமத்துக்கு நீலம். நீலத்தை இவன் பச்சைன்னு விட்டிருக்கான். பச்சை அடிக்கிறது யாரு வீட்டுல?

— டீ ஆறுது, கலிபா.

— யாரு வீட்டுலன்னு கேட்டேன்.

— எங்க வீட்டுலதான். அதுக்கென்ன? என் வீட்டுக்காரருதான் எண்ணி அடைக்கிறவரு. அறுபது ஆட்டுக்கு நடுவுல ஆறு குட்டி வந்து நின்னா அவருக்கு என்ன தெரியும்?

— ஆடு எண்ணுறவருக்கு ஆறு கூடினது தெரியாதா? வா, இப்பவே பட்டிக்குப் போய்ப் பார்ப்போம்.

— போய்ப் பாரு. சாமத் ஆடு ஒண்ணுகூட அங்க இல்ல.

— இருக்காது, கலிபாக்கா. அந்த ஆறையும் ஞாயித்துக்கிழமையே வித்தாச்சு.

— யாரு வித்தது?

— நான்தான். சந்தையில என்னைப் பார்த்தவன் பொய் சொல்லல. மச்சான் லாரியிலயே உட்கார்ந்துக்கிட்டாரு, என்னைக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொன்னாரு.

— எர்கின், வாயை மூடு. கலிபா, இவன் உளர்றான், நீ ஊசியைப் போடு.

— எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. கிளம்பும்போது பட்டி வாசல்ல ரெண்டு தடவை கேட்டேன், மச்சான், இது நம்ம பச்சைதானேன்னு. ரெண்டு தடவையும் அவரு அக்கா முகத்தைப் பார்த்துட்டுத்தான் ஆமான்னாரு.