வேனுக்கு வேறு எஞ்சின்

எனக்குப் பயணத்தில் வெளிக் காபி ஒத்துக்கொள்வதில்லை. வேன் வாங்கியதற்கு அதுதான் காரணம், இன்ஸ்பெக்டர் சார், வேறு உள்நோக்கம் கிடையாது. பழைய பள்ளிக்கூட வேன். ரிட்டயர் ஆன கையோடு வாங்கி, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவச் சின்னத் தொட்டி எல்லாம் வைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு எஞ்சின் படுத்துவிட்டது.

படப்பை மெக்கானிக் ஆஸ்டின் பார்த்தவுடன் உதட்டைப் பிதுக்கினார். "ரிப்பேர் பண்ணாலும் நட்டநடு ரோட்ல நிக்கும் சார், பேஜார் புடிச்ச எஞ்சின். வேற மாத்திடுங்க. ஆனா இந்த மாடலுக்கு எங்கயும் கெடைக்காது." என் மனைவி காமு, "எடைக்குப் போட்டுட்டு ரயில்ல போலாமேன்னா" என்றாள். ரயில் காபியைக் குடிக்கக்கூடியவள் அவள். அவளிடம் என்ன பேசுவது?

அதே மாடல் வண்டி இரும்புலியூரில் இன்னொன்று இருந்தது. எங்கள் நகர் நலச் சங்கத்தின் ஆம்புலன்ஸ். பக்கத்து வீட்டு ஜெயவேலு தன் அம்மா நினைவாகக் கொடுத்தது. அவருக்கே பைபாஸ் ஆன இதயம்; தினமும் என்னோடு வாக்கிங் வருவார். சங்கச் செயலாளர் நான், சாவி என்னிடம். ஆம்புலன்ஸோ ஷெட்டில் சும்மா நிற்கிறது. ஓடாத எஞ்சின் கெட்டுப்போகும் என்பது உங்களுக்கும் தெரியும். சங்கத்தில் தீர்மானம் போட்டாயிற்று என்று ஆஸ்டினிடம் சொல்லி, என் எஞ்சினை ஓடுகிற அளவுக்கு ரிப்பேர் பண்ணி, இரண்டு எஞ்சின்களையும் இடம் மாற்றச் சொன்னேன். நீங்கள் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் திருடன் எடுத்த இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டுப் போகிறான்?

வெள்ளிக்கிழமை காலை வேனுக்குப் பூஜை போட்டு ஏற்காடு கிளம்புவதாக ஏற்பாடு. பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் காட்டும்போது ஜெயவேலுவின் மனைவி செல்லியம்மாள் ஓடி வந்தார்.

"சார், அவருக்கு நெஞ்சு வலிக்குதாம், வேர்த்துக் கொட்டுது. உங்க வண்டி ரெடியாத்தானே கீது, இதுலயே இட்டுகினு போயிடலாம் சார்."

போயிருக்கலாம்தான். ஆனால் வேறு எஞ்சின் போட்டு, திருஷ்டி கழித்த வண்டியில் முதல் சவாரியே நோயாளி என்றால் யார் மனசு கேட்கும்? கட்டிலில் புது விரிப்பு வேறு. "அதற்குத்தானே அம்மா ஆம்புலன்ஸ் வைத்திருக்கிறோம்" என்று சாவியைக் கொடுத்து, டிரைவருக்கு நானே போன் செய்தேன். அதில் எந்த எஞ்சின் இருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வந்ததா என்று கேட்கிறீர்கள். வந்தது. ஆனால் ராகுகாலம் பிறப்பதற்குள் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டி ஏறியாக வேண்டுமே.

ஜி.எஸ்.டி. ரோட்டில் எனக்கு முன்னால்தான் ஆம்புலன்ஸ் புகை கக்கி நின்றது. நான் ஹாரன்கூட அடிக்கவில்லை, பொறுமையாக ஒதுங்கிப் போனேன். செல்லியம்மாள் பின்கதவைத் திறந்து கை காட்டினார். நானும் கை காட்டினேன். "நிறுத்துங்கோன்னா" என்று காமு ஏனோ அழுதாள். எனக்கோ வேன் போன வேகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

செங்கல்பட்டு தாண்டி ஒரு மரத்தடியில் காபி கலந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ஜெயவேலு போய்விட்டாராம். காபியைக் குடித்துவிட்டுத்தான் காமுவிடம் சொன்னேன்.

ஆம்புலன்ஸ் நிற்பதற்குச் சற்று முன் அவர் பேசிய கடைசி வார்த்தையைச் செல்லியம்மாள் உங்களிடம் சொல்லியிருக்கிறார். "இன்னாமே, இது ராஜாராமன் சார் வேனு மாரியே சத்தம் போடுது." அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். நீங்கள் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உயிர் போகிற நேரத்திலும் மனிதர் என்னைத்தான் நினைத்திருக்கிறார். அப்படி ஒரு சிநேகம், சார், எங்களுடையது.