அணில் வாயை மட்டும் அசைக்கிறது

— அணில் பேசலை, ஆர்ட்டோ. காலையில கேமைத் திறந்தேன். வாயை மட்டும் அசைக்குது.

— நான்தான் அணிலோட குரலை எடுத்தேன், ஹென்னா. இன்னும் வெளியே விடாத கேமை ஸ்டாக்ஹோம்காரங்க வாங்குறாங்க. டீம் ஃபைல் எல்லாம் சேர்த்து வெச்சிருக்கிற பொது ரெப்போவுல கிடக்குறது அத்தனையும் அவங்களுக்குப் போயிடும். நம்ம பொண்ணு வென்லா குரலையும் சேர்த்து விக்கச் சொல்றியா?

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

— கேட்டா அழுவே. இங்க பாரு, ரெப்போவுல இருந்துதான் எடுத்தேன். அவங்கவங்க மெஷின்ல இருக்கிற நகல் அப்படியேதான் இருக்கும்.

— உன் மெஷின்ல இருக்கும். "ரெப்போவோட பழைய வரலாற்றையும் துடைச்சாச்சு, எல்லாரும் பழைய ஃபோல்டரை அழிச்சுட்டுப் புதுசா இறக்கிக்கோங்க"ன்னு எழுதினது யாரு?

— அது ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு...

— நானும் ஆபீஸ்தான். நாம பிரிஞ்சது வீட்ல, வேலையில இல்லை. நீ சொன்னபடி அழிச்சேன்.

— வேற எங்கயாவது ஒரு காப்பி வெச்சிருப்பியே?

— "ரெப்போவுல இருந்தா பத்திரம், தனியா எதுக்குக் காப்பி"ன்னு ஊருக்கே ஓதினவன் நீ. நம்பித் தொலைச்சேன்.

— சரி, பதறாதே.

— பதறாம? தினமும் காபியைப் போட்டுட்டு அதைத்தான் திறப்பேன். "எழுந்திரு, தூங்குமூஞ்சி"ன்னு அணில் சொல்லும். வென்லாவுக்கு முன்பல் விழுந்திருந்த நேரம், 'ஸ' வர்ற இடமெல்லாம் விசில் அடிக்கும். அதைக் கேட்டாத்தான் எனக்கு ஷூவை மாட்டிக்கிட்டு டிராமுக்குப் போகவே தெம்பு வரும்.

— பனி உடுப்பு தொங்குற அலமாரிக்குள்ள உட்கார்ந்து பேசினா. எதிரொலி வரக் கூடாதுன்னு.

— வசனத்துக்கு ஒரு சல்மியாக்கி, அந்த உப்புக் கரிக்கிற கறுப்பு மிட்டாய், கூலி. நாக்கெல்லாம் கறுப்பு. "அப்பா கூலியில ஏமாத்துறார்"னு அதையும் பேசி வெச்சிருந்தா, கழுதை.

— அப்படியா பேசினா?

— கடைசி ஃபைல் அதுதான். நீ கேட்டதே இல்லையா?

— இல்லை.

— சரி, உன் மெஷின்ல இருக்கிறதை அனுப்பு. இப்பவே.

— ஃபோல்டரைத் திறந்துட்டேன். எல்லாம் இருக்கு, ஹென்னா. "தூங்குமூஞ்சி", "கொட்டை எங்கே", "அப்பா கூலி"... பேரு ஒண்ணுகூட விட்டுப் போகலை. அனுப்பிட்டேன், பாரு.

— வந்துடுச்சு. அப்பாடா. போன உயிர் திரும்பி வந்துச்சு எனக்கு. இரு, போட்டுப் பார்க்கிறேன்.

— என்னைக் கேட்க வைக்காதே. நீ மட்டும் கேளு.

— சத்தமே வரலையே. ஆர்ட்டோ, இது ஒலியே இல்லை. திறந்தா உள்ளே ரெண்டு மூணு வரி எழுத்துதான். "நிஜ ஃபைல் சர்வர்ல இருக்கு"ங்கிற துண்டுச் சீட்டு. எல்லாமே இப்படித்தான் இருக்கு.

— சர்வர்ல இல்லை. அங்கயும் அழிக்கச் சொன்னேன். அழிச்சுட்டாங்க.

— அப்போ உன் மெஷின்ல ஏன் நிஜமானது இல்லை? சொல்லு. ஏன் இல்லை?

— அடக்கம் முடிஞ்சதும் பழைய மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு இதை வாங்கினேன். பேரு மட்டும் வரட்டும், ஒலி இதுல இறங்கவே கூடாதுன்னு அன்னிக்கே நிறுத்தி வெச்சதை மறந்துட்டேன், ஹென்னா, தப்பித்தவறி அவ குரல் காதுல விழுந்தா தாங்க மாட்டேன்னு.