துறவி தெலெஸ்போரோவின் முடியாத அத்தியாயம்

இந்த மேடைக்கு மேன்மை தந்து வீற்றிருக்கும் நகரத் தலைவி அம்மையார் அவர்களே, ஆலய மணியைவிட உரத்த குரல் படைத்த பங்குத் தந்தையே, ஒலிவத் தோப்புகளை ஒருநாள் மறந்து ஓடி வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அன்னையரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ரொக்காமரா மண்ணில் பிறந்த துறவி தெலெஸ்போரோ செய்த குற்றம் என்ன? களவு செய்தாரா? கலகம் செய்தாரா? கல்லுக்கும் உணர்வுண்டு, கடலுக்கும் நினைவுண்டு, எரிமலைக்கும் கோபமுண்டு என்று எழுதினார். அவ்வளவுதான்! நான்காம் அத்தியாயத்தில் ஓடிக்கொண்டிருந்த இறகுப் பேனாவைப் பிடுங்கிவிட்டு, அவரை நேப்பிள்ஸ் சிறையில் தள்ளினார்கள்.

என்ன, பின்வரிசையில்? சுட்ட கஷ்கொட்டை ஆறுகிறதா? ஆறட்டும் ஐயா. அவரையே நெருப்பில் வாட்டப் பார்த்தார்கள், அதைக் கேளுங்கள்.

திருச்சபையின் விசாரணைத் தலைவர் கௌதியோசோ சொன்னார்: “எழுதினதெல்லாம் தப்புன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க சாமி. இன்னைக்கே ஊருக்குப் போயிரலாம். இல்லேன்னா விறகுதான்.”

“எது தப்புன்னு காட்டுங்க ஐயா, போட்டுடறேன்.”

நீதிபதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தடை செய்த நூலைப் படிப்பது பாவமல்லவா? ஒருவரும் படிக்கவில்லை! படிக்காமல் பிழை காட்ட முடியாது. பிழை காட்டாமல் எரிக்க முடியாது. படிக்க அனுமதி கேட்டு ரோமாபுரிக்கு ஆள் அனுப்பினார்கள். ரோமாபுரி யோசித்தது. தூது போன கழுதை கிழடானது. துறவியின் பற்கள் விழுந்தன. ரோமாபுரி இன்னும் யோசித்தது!

ஒருவழியாக அனுமதி வந்தது. படித்த கௌதியோசோ மறுநாள் காலையில் சிறைக்கே வந்துவிட்டார்.

“எரிமலைக்குக் கோபம் வரும்னீங்க, சரி. அது எப்படித் தணியும்னு ஆரம்பிச்சு, பாதியிலயே விட்டுட்டீங்களே?”

“நீங்கதானே ஐயா கைது பண்ணினீங்க.”

கௌதியோசோ தலையைச் சொறிந்தார். முடியாத நூலுக்குத் தீர்ப்பில்லை என்று அறிவித்துத் துறவியை விடுவித்தார். வாசல் வரை வந்தவர் மெல்லக் கேட்டார்: “முடிச்சா எனக்குக் காட்டுவீங்களா?”

“கண்டிப்பா காட்டறேன்.”

முடித்தால் தீர்ப்பு வரும். தீர்ப்பு வந்தால் தீ வரும். முடிக்காதீர்கள் என்று ஊரே கும்பிட்டது. அவர் முடித்தார்! பாலாடைக்கட்டியும் அத்திப்பழமும் மூட்டை கட்டிக்கொண்டு நேப்பிள்ஸுக்கு நடந்தார். சிறைக் காவலன் வாய் பிளந்தான்.

“தப்பிச்சவரு திரும்பி வந்து நிக்கிறீரே, புத்தி பிசகிருச்சா சாமி?”

“படிக்கிறவர் காத்திருக்காருப்பா. அவரு வீடு எங்கே?”

பார்வை மங்கிப் படுக்கையில் கிடந்தார் கௌதியோசோ. பக்கத்தில் அமர்ந்து கடைசி வரி வரை படித்துக் காட்டினார் துறவி.

“தீர்ப்பு என்ன ஐயா?”

கிழவர் கை நீட்டித் தாள்களைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இன்னொரு தடவை படிங்க.”

அன்பர்களே, அஞ்சாத எழுத்தை அடைக்க ஒரு சிறையுண்டா? ஆசையோடு கேட்கும் செவியை வெல்ல ஒரு சட்டமுண்டா? இவ்வளவு நேரம் எனக்குச் செவி தந்த உங்களுக்கு நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன்.